சிகிச்சை முடிந்த மறுநாள்

(மதுரையில் பெண்கள் நலக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேச அழைத்தால், பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு கூட்டம் முடிந்துவிடும். மார்பில் மாற்றம் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். இரண்டும் சொல்ல வேண்டியவைதான், நானும் சொல்கிறேன். ஆனால் இன்று நான் பேச வந்தது அதற்குப் பின்னால் வருவதைப் பற்றி. கட்டியைக் கண்டுபிடித்து, ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, கரண்ட் வைத்து முடிந்து, "இனிமே மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுனா போதும்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகு ஒரு பெண் வீடு திரும்புகிறாளே, அவளைப் பற்றி. அதிலும் அவளுக்கு வயது முப்பது, முப்பத்தைந்து என்றால் அவளுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இப்போது இதற்குத்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தந்த மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. மேலை நாடுகளில் பெரும்பாலும் அறுபதை ஒட்டியும் அதற்கு மேலும் வருகிற நோய், இங்கே ஐம்பதை ஒட்டி வருகிறது. நாற்பதுக்குள்ளேயே வருகிறவர்களையும் நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம்.

அறுபது வயதில் வந்தால் துன்பம் இல்லையா? உண்டு. ஆனால் அந்த அம்மாவுக்கு மகள் இருப்பாள், மருமகள் இருப்பாள், "நீங்க உக்காருங்கம்மா" என்று சொல்ல ஆள் இருக்கும். முப்பத்திரண்டு வயதுக்காரிதான் அந்த வீட்டில் மற்றவர்களை உட்கார வைத்துச் சோறு போடுகிறவள். அவளுடைய பிள்ளை யூ.கே.ஜி. படிக்கும். மாமனாருக்குச் சர்க்கரை, மாமியாருக்கு முழங்கால் வலி. வேலையில் இன்னும் நிரந்தரமாகியிருக்க மாட்டாள். அல்லது கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருக்கும். அல்லது கல்யாணமே ஆகியிருக்காது. எல்லோரும் அவள்மேல் சாய்ந்து நிற்கிற நேரத்தில் அவள் விழுகிறாள். எழுந்தவுடன் மறுபடியும் எல்லோரும் சாய்ந்துகொள்கிறார்கள்.

இந்தத் தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவம் எப்படி வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923இல். அந்தத் துக்கத்தை அவர் முப்பது ஆண்டுகள் சுமந்து, 1954இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையாக மாற்றினார். சாகப்போகிறவர்களுக்குத் தனியாக ஓர் ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்கள் அன்று இருந்தார்கள். மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் தாம் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டு அகலவில்லை. உயிரைக் காப்பாற்ற முடியும் என்று நிரூபிப்பதற்கே அந்தத் தலைமுறைக்கு ஓர் ஆயுள் தேவைப்பட்டது. தொடக்க நிலையிலேயே வருகிற பெண்களில் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடிகிற காலத்துக்கு இன்று வந்துவிட்டோம். அப்படியானால் காப்பாற்றப்பட்டவள் இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழப்போகிறாள். அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்கும் பொறுப்பு நம் தலைமுறையுடையது.

இத்தனை ஆண்டுகளாக இந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசுகிறவள் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. சிகிச்சைக்குப் பிறகு இவர்களை அதிகம் வாட்டுவது வலியல்ல, தழும்பும் அல்ல, யாரிடமும் சொல்லாதே என்கிற கட்டளைதான்.

பயாப்ஸி ரிசல்ட் வந்த அன்று இரவே வீட்டில் அந்த முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. அப்பா எடுப்பார், கணவர் எடுப்பார், அண்ணன் எடுப்பார். அவளைக் கேட்கமாட்டார்கள். கெட்ட எண்ணமும் கிடையாது, அன்பினால்தான் செய்கிறார்கள். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாத்தனாருக்கு நிச்சயம் ஆகியிருக்கும். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்ற பயமும் உண்டு. ஆகவே ஒரு கதை தயாராகும். முடி கொட்டியதற்குப் பழனியில் மொட்டை போட்ட கதை. அறுவைச் சிகிச்சைக்குக் கர்ப்பப்பைக் கட்டி என்ற கதை. அலுவலகத்துக்கு மஞ்சள் காமாலை. கை வீங்கினால் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள். எந்தச் சொந்தக்காரரிடம் எந்தக் கதையைச் சொன்னோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவள் அந்தப் பெண்தான். கீமோ உடம்பை அடித்துப்போட்டிருக்கிறது, நினைவும் முன்போல நிற்பதில்லை. அந்த நிலையில் இந்தச் சுமையையும் அவள் தூக்க வேண்டும்.

இதன் விளைவு என்ன தெரியுமா? நோய் இல்லாததாக நடிக்கிற வீட்டில் நோயாளிக்கு ஓய்வு கிடைக்காது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரிந்திருந்தால் அவர் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டிருப்பார், ஒரு வேளை ரசம் வைத்துக் கொடுத்திருப்பார். கூடப்பிறந்தவர்களாகப் பழகும் பத்துப் பேர் தெருவில் இருந்தும் அவள் தனியாகவே கிடக்கிறாள். கல்யாணத்துக்குப் போவதை நிறுத்துகிறாள், ஏனென்றால் அங்கே யாராவது கேட்பார்கள். சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்துகிறாள். அழுவதற்குக்கூட அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "டி.வி.ல சோகமான சீன் வரட்டும்னு காத்திருப்பேங்க, அப்பத்தான் நிம்மதியா அழ முடியும்." அவளுக்கு வயது இருபத்தொன்பது.

மறைக்கப்படுகிற வீட்டில் மூடநம்பிக்கைக்கும் பதில் சொல்ல ஆளிருக்காது. இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை. தட்டிலிருந்து தட்டுக்கும், துணியிலிருந்து துணிக்கும், கணவனுக்கும் குழந்தைக்கும் பரவாது. அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிற வீடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. குழந்தையை அவள் மடியிலிருந்து தூக்கிக்கொள்கிறார்கள். உடம்பில் பட்ட காயம் ஆறிய பிறகும் இது ஆறுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்கையின் கல்யாணத்துக்காக மறைக்கிறோம் என்கிறீர்கள். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக, ஒரு தனி மரபணுக் கோளாறு வழியாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். ஆகவே "அவ அக்காவுக்கு இருக்குதாம்" என்று ஒரு பெண்ணை ஒதுக்குவதில் பெரும்பாலும் அர்த்தமே இல்லை. ஆனால் அந்த ஐந்து, பத்தில் இந்தக் குடும்பம் இருந்துவிட்டால்? இளம் வயதிலேயே வந்திருக்கிறது என்பதே அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணம். பி.ஆர்.சி.ஏ. என்று ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அந்த மரபணுக் கோளாறு அம்மா வழியிலும் வரும், அப்பா வழியிலும் வரும். தங்கைக்கு அது இருப்பது தெரிந்தால் சீக்கிரமே ஸ்கேன் பார்க்க ஆரம்பிக்கலாம், வருமுன் காக்கலாம். எந்தத் தங்கையைக் காப்பாற்ற மறைத்தோமோ, அந்தத் தங்கையின் உயிருக்கே இந்த மறைப்பு எமனாகலாம். அத்தையும் சித்தியும் எதனால் செத்தார்கள் என்பது எத்தனை குடும்பங்களில் இன்றுவரை பெண் பிள்ளைகளுக்குத் தெரியாது!

நான் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் மேடையேறி அறிவிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. சொல்வதும் சொல்லாததும் அவள் உரிமை. யாரிடம், எப்போது, எவ்வளவு என்பதை அவள் முடிவு செய்யட்டும். அவள் வாயை மற்றவர்கள் பொத்தக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

இனி உடம்பைப் பற்றி. வெளிநாட்டுப் புத்தகங்களில் எல்லாம் கண்ணாடியைப் பற்றி எழுதியிருப்பார்கள், தழும்பைக் கண்ணாடியில் முதன்முதலாகப் பார்க்கும் நேரம் பற்றி. நம் ஊரில் பல பெண்கள் விளக்கை அணைத்துவிட்டுக் குளிக்கிறார்கள், அது உண்மை. ஆனால் நம் பெண்களுக்கு அதைவிடப் பெரிய சோதனை தையல் கடையில் நடக்கிறது. இங்கே ரவிக்கை அளவெடுத்துத் தைப்பது. பழைய அளவு ரவிக்கையை விட்டுவிட்டுப் புதிதாக அளவெடுக்க வேண்டும் என்றால் தையல்காரரிடம் காரணம் சொல்லியாக வேண்டும். அதற்குப் பயந்து புடவையையே விட்டுவிட்டு, தொளதொளவென்று சுடிதாரும் மேலே இரண்டு பக்கமும் பின் குத்திய துப்பட்டாவுமாக ஆண்டுக்கணக்கில் நடமாடுகிறவர்களை எனக்குத் தெரியும். பட்டுப்புடவை பீரோவில் கிடக்கும்.

ஒரு சிற்றூரில் ஒரு தையல்கார அம்மா என்ன செய்தார் தெரியுமா? வந்த பெண் தயங்கி நின்றதைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். எதையும் கேட்கவில்லை. அளவெடுத்தார். ரவிக்கையின் உள்பக்கம் மெல்லிய வாயில் துணியில் ஒரு பை வைத்துத் தைத்து, பஞ்சு வைத்துக்கொள்ளும்படி செய்து, கனம் ஒரு பக்கம் இழுக்காதபடி தோள்பட்டையை மாற்றிக் கொடுத்தார். அந்தப் பெண் அடுத்த முகூர்த்தத்துக்குப் பட்டு உடுத்திப் போனாள். மனநலத்தைப் பற்றிப் படித்த எங்களில் பலருக்கு எட்டாத இடத்துக்கு அந்த அம்மாவின் கை எட்டியிருக்கிறது. இந்த அரங்கில் தையல் தொழில் செய்கிறவர்கள் இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் தெருவில் யாருக்காவது இது கட்டாயம் தேவைப்படும். சிலிக்கோன் செயற்கை மார்புக்கு விலை அதிகம். பருத்தி நூலில் பின்னி, உள்ளே பஞ்சடைத்த இலேசான செயற்கை மார்புகளைத் தன்னார்வப் பெண்கள் இலவசமாகவே தருகிறார்கள். வெயிலுக்கும் வியர்வைக்கும் அதுவே தோது.

வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால் அதுவும் சரிதான். அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் மார்பை இழந்தவர். செயற்கை மார்பு வைக்காமல் டாக்டரைப் பார்க்கப் போனபோது, இப்படி வந்தால் இங்கே மற்றவர்கள் மனம் சோர்ந்துபோகும் என்று அங்கிருந்த நர்ஸ் கடிந்துகொண்டதை அவர் தம் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்கென்றே உள்ள சிகிச்சையகத்தில் நடந்தது அது! யார் மனம் சோராமலிருக்க இவள் பஞ்சு வைக்க வேண்டும் என்ற அவருடைய கேள்வி இன்றும் நிற்கிறது. தன் வசதிக்காக, தன் ஆசைக்காக வைத்தால் நல்லது. பார்ப்பவர்களின் நிம்மதிக்காக என்றால் வேண்டாம்.

கையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால், சிலருக்கு அந்தப் பக்கக் கை வீங்கும். உடனே வரலாம், ஆண்டுகள் கழித்தும் வரலாம். முதல் கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை வந்த பிறகு இது குறைந்திருக்கிறது. ஆனாலும் இருக்கிறது. கை வீங்கினால் இறுக்கமான வளையல் போடக் கூடாது. நம் ஊரில் கழுத்தில் தாலி இருக்கிற பெண்ணின் கை வெறுமையாக இருந்தால் கேள்வி வராமல் இருக்குமா? வளைகாப்பில் அவளை முன்னால் கூப்பிட மாட்டார்கள். தண்ணீர்க் குடத்தை அந்தக் கையால் தூக்க முடியாது, பஸ்ஸில் மேலே உள்ள கம்பியைப் பிடிக்க முடியாது. பார்க்க இளம் பெண், நன்றாகத்தானே இருக்கிறாள், ஒரு சீட்டு யார் தருவார்கள்? இறுக்கப் பட்டையும் கைப் பயிற்சியும் முறையாகக் கற்றுத்தருகிற பிசியோதெரபிஸ்ட்டிடம் முதல் வீக்கத்திலேயே அனுப்பினால் பாதித் துன்பம் போகும்.

மதுரையில் நின்றுகொண்டு ஒன்றைச் சொல்லாமல் என்னால் கடந்துபோக முடியவில்லை. மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் பிள்ளை வேண்டிச் செய்த வேள்வியில் தோன்றிய குழந்தைக்கு மூன்று மார்பு. பெற்றவர்கள் கலங்கினார்கள். இவளை ஆண் பிள்ளையைப் போல வளர்த்து முடிசூட்டு என்றது அசரீரி. பாண்டியன் அப்படியே செய்தான். தடாதகை என்ற அந்தப் பெண் அரசாண்டாள், திக்குவிசயம் புறப்பட்டாள், கயிலை வரைக்கும் போனாள். அங்கே சிவனைக் கண்டதும் மூன்றாவது மார்பு மறைந்தது என்பதைத்தான் நாம் விரும்பிச் சொல்கிறோம். நான் அந்த முன்பகுதியில் நின்றுவிடுகிறேன். ஊர் எதிர்பார்க்கிற உடம்பு அவளுக்கு இல்லாத காலத்திலேயே அவள் தலையில் மகுடம் ஏறியது. உடம்பு சரியாகட்டும் என்று அரியணை காத்திருக்கவில்லை. இந்த ஊரில் பிறந்த பெண்களுக்கு இதைவிட உறவான கதை எது?

கணவன் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. மூளைக்கட்டி, மற்றப் புற்றுநோய்கள், நரம்பு மண்டல நோய் ஒன்று என்று கடும் நோயுற்ற 515 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி பெண்ணாக இருந்த குடும்பங்களில் 20.8 சதவீதம் பிரிந்தன; ஆணாக இருந்த குடும்பங்களில் 2.9 சதவீதம்தான். அதே சமயம் டென்மார்க்கில் நாடு முழுவதற்குமான பதிவேடுகளைப் பார்த்தபோது மார்பகப் புற்றுநோயால் மணமுறிவு கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே ஆண்கள் எல்லாம் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊரிலோ விவாகரத்து எண்ணிக்கையை வைத்து எதையும் அளக்க முடியாது. இங்கே வழக்கு கோர்ட்டுக்குப் போவதில்லை, பாய் தனியாகிறது.

அந்தத் தனிப் பாய்க்குப் பின்னால் பல சமயம் வெறுப்பு இருப்பதில்லை, அறியாமைதான் இருக்கிறது. அவள் உடம்பைத் தொட்டால் வலிக்குமோ, ஏதாவது ஆகிவிடுமோ என்று அவன் பயப்படுகிறான். அவளோ தன்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொள்கிறாள். இருவரும் கேட்டுக்கொள்வதில்லை. இதோடு மருந்தின் வேலையும் சேர்கிறது. கீமோவும் ஹார்மோன் மாத்திரையும் சேர்ந்து முப்பத்திரண்டு வயதுக்காரியை ஐம்பது வயதின் மாதவிடாய் நிற்கும் பருவத்துக்குத் தள்ளிவிடும். திடீரென்று உடம்பெல்லாம் அனல் அடிக்கும், தூக்கம் போகும், பிறப்புறுப்பில் வறட்சியும் எரிச்சலும் வரும், உறவு வலியாகும். அவள் அதை ஆசை செத்துப்போனதாக எடுத்துக்கொள்கிறாள். நீர்ச்சத்து ஜெல் ஒன்று மருந்துக் கடையில் கிடைக்கும் என்பதைச் சொல்ல டாக்டருக்கு இரண்டு நிமிடம் போதும். நோயாளி வெட்கப்படுவாள் என்று டாக்டர் கேட்பதில்லை, டாக்டர் தப்பாக நினைப்பார் என்று நோயாளி சொல்வதில்லை. டாக்டர்களிடம் நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: "வீட்ல ரெண்டு பேரும் எப்படிம்மா இருக்கீங்க?" என்று நீங்களே ஆரம்பியுங்கள். கணவனையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

குழந்தைப்பேறு. இதைச் சற்று விரிவாகப் பேசுகிறேன், ஏனென்றால் இங்கே நாள் கடந்தால் வழி அடைபட்டுவிடும். சில கீமோ மருந்துகள் சினைப்பையைப் பாதிக்கும். பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற பெண் கீமோ தொடங்குவதற்கு முன்னாலேயே அதைச் சொல்ல வேண்டும். கருமுட்டைகளையோ கருவையோ எடுத்து உறைநிலையில் சேமித்து வைக்கலாம். அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும், பெரும்பாலானவர்களுக்கு அந்த அவகாசம் உண்டு. சினைப்பையை ஓய்வில் வைக்க மாதம் ஒரு ஊசியும் உண்டு. செலவு பெரிது, எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் முடியுமா என்று அவளிடம் கேட்கக்கூட மாட்டோம் என்பது வேறு. "உயிர் பொழைச்சா போதும், பிள்ளை என்ன பிள்ளை" என்று சொல்லும் அதே வீட்டில்தான், மூன்று ஆண்டு கழித்து, பிள்ளை இல்லை என்ற பேச்சும் எழுகிறது.

ஹார்மோன் மாத்திரையை ஐந்து முதல் பத்து ஆண்டு சாப்பிட வேண்டும் என்பதால், அது முடிவதற்குள் வயது போய்விடுமே என்ற கவலை இருந்தது. இதற்காகவே பாசிட்டிவ் என்ற பெயரில் இருபது நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது, முடிவுகள் 2023இல் வெளிவந்தன. 42 வயது வரையுள்ள ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள். ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு மாத்திரை சாப்பிட்ட பிறகு, கருத்தரிக்க இரண்டு ஆண்டு வரை நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாண்டுக் கணக்கில் நோய் திரும்பியது 8.9 சதவீதம் பேருக்கு. நிறுத்தாத ஒத்த பெண்களின் கணக்கு 9.2. அறுபது சதவீதத்துக்கும் மேலானவர்கள் குழந்தை பெற்றார்கள். நீண்டகாலக் கண்காணிப்பு இன்னும் தொடர்கிறது, ஆகவே தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரையைச் சாப்பிடும்போது கருத்தரித்தால் கருவுக்குக் கேடு. மாதவிலக்கு வராததால் கரு தங்காது என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் இந்த நோய் வந்தவள் இனிமேல் தாயாகக் கூடாது என்ற பழைய பேச்சை இதோடு விட்டுவிடுங்கள்.

கல்யாணமாகாத பெண்களுக்கு என்னிடம் எளிதான விடை கிடையாது. வரனிடம் எப்போது சொல்வது என்று கேட்கிறார்கள். ஜாதகம் கொடுக்கும்போதா, பெண் பார்க்க வரும்போதா? நான் சொல்வது இதுதான்: தரகருக்கும் ஊருக்கும் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பையனிடம், நிச்சயத்துக்கு முன்னால், அவளே நேரில் சொல்லட்டும். மறைத்துச் செய்த கல்யாணங்களில் முதல் செக்கப் தேதி வரும்போது வீடு இடிந்ததைப் பார்த்திருக்கிறேன். சொல்லிச் செய்த கல்யாணங்களையும் பார்த்திருக்கிறேன். கல்யாணமே வேண்டாம் என்று படித்து, வேலைக்குப் போய், சொந்தமாக வீடு கட்டியவளையும் பார்த்திருக்கிறேன். அவளைப் "பாவம்" என்று சொல்லாதீர்கள், அவளுக்குப் பிடிக்காது.

பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கும் வீட்டில் ஏதோ நடக்கிறது என்று தெரியும். சொல்லாமல் விட்டால், தான் சேட்டை செய்ததால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று அது முடிவு கட்டிவிடும். அம்மாவுக்குக் கட்டி, டாக்டர் மருந்து கொடுக்கிறார், முடி கொட்டும், மறுபடி வளரும், உன்னால் வந்ததில்லை. இந்த நாலு வாக்கியம் போதும்.

வேலைக்குத் திரும்புவது பணத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். தான் நோயாளி இல்லாத ஓரிடம் அவளுக்கு வேண்டும். முதல் சில மாதம் வேலை நேரத்தைக் குறைத்துக் கொடுக்க நிறுவனங்கள் முன்வர வேண்டும்.

பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தலைவலித்தால் மூளைக்குப் போய்விட்டதோ, முதுகு வலித்தால் எலும்புக்கோ. செக்கப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தூக்கம் போய்விடும். இந்தப் பயம் பெரும்பாலான பெண்களுக்கு வரும், அது பைத்தியமும் இல்லை, நன்றி கெட்டதனமும் இல்லை. "அதான் சரியாயிருச்சே, இன்னும் என்ன?" என்று கேட்காதீர்கள். ஒரு வலி இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் காட்டுவோம் என்பது போல டாக்டரோடு சேர்ந்து ஒரு வரையறை வைத்துக்கொண்டால் பயம் ஓரளவு கட்டுக்குள் நிற்கும். நடைப்பயிற்சி சோர்வைக் குறைக்கிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. எதிலும் மனம் ஒட்டாமல், சாப்பாடு தூக்கமின்றி வாரக்கணக்கில் போனால் அது மனச்சோர்வு நோய், அதற்கு மருந்து உண்டு. மனநல டாக்டரிடம் தமாக்சிஃபென் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள், மனச்சோர்வு மாத்திரைகளில் சில அதன் வேலையைக் கெடுக்கும். உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு வந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

பிழைத்தவர்களே பிழைத்தவர்களுக்குத் துணை என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. டெரீஸ் லாஸர் என்ற நியூயார்க் பெண்மணி 1952இல் தம் மார்பை இழந்த பிறகு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், அறுவை முடிந்து படுத்திருக்கும் பெண்களின் கட்டிலருகே உட்கார்ந்து பேசினார். டாக்டர்கள் எதிர்த்தார்கள், அவர் விடவில்லை. பின்னாளில் அது உலகெங்கும் பரவிய ஓர் இயக்கமாயிற்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பீகல், இப்படிக் குழுவாகக் கூடிப் பேசிய பெண்கள் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்ததாக 1989இல் எழுதினார். கனடாவில் பமீலா குட்வின் குழுவினர் 235 பெண்களை வைத்து மீண்டும் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டபோது, ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. ஆனால் மன வேதனை குறைந்தது, வலியும் குறைந்தது. எனக்கு அந்த இரண்டாவது முடிவுதான் பெரிது. கூடிப் பேசுவது ஆயுளைக் கூட்டும் என்று பொய்யாக ஆசை காட்ட வேண்டாம்; இருக்கிற நாள் லேசாகும் என்றால் அதுவே போதுமான காரணம்.

இதற்காக நாம் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு இன்று தமிழ்நாட்டில் இல்லாத ஊர் இல்லை. வாரம் ஒருநாள் வட்டமாக உட்கார்ந்து கணக்குப் பார்க்க நம் பெண்களுக்குத் தெரியும், ஒருத்தி தவணை கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து தாங்கவும் தெரியும். அந்த வட்டத்தில் ஒருத்தி வராமல் போனால் தேடிப் போங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருகிற தன்னார்வப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற நேரத்தில், சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கும் பெண்ணிடம் தூக்கம் வருகிறதா, கை வீங்குகிறதா, மனம் விட்டுப் பேச ஆளிருக்கிறதா என்று கேட்கப் பழக்க வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் உளவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அதுபோல ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் புற்றுநோய்ப் பிரிவில் ஒரு மனநல ஆலோசகர் பணியிடமாவது வேண்டும். இந்தக் கோரிக்கையை ஒரு மனுவாக எழுதி வாசலில் வைத்திருக்கிறோம், விருப்பமுள்ளவர்கள் கையெழுத்திடுங்கள்.

கூட்டம் முடிந்த பிறகு நானும் உடன் வந்திருக்கும் இரண்டு ஆலோசகர்களும் மேடைக்குப் பக்கத்து அறையில் மாலை வரை இருப்போம். கணவரோடும் மாமியாரோடும் வரலாம், தனியாகவும் வரலாம். வரிசையில் நிற்க முடியாதவர்கள் தொண்டர்களிடம் சொன்னால் முதலில் அழைத்துக்கொள்வார்கள்.